ஊதாக் கரையும் அப்பாவின் மீசையும்

பிப்ரவரி 3, திங்கள்

சேர்மன் பெரியப்பாவின் சட்டைப் பையில் இன்று தலைவர் படம் இல்லை.

ஐந்து சட்டைகள் வந்தன. ஐந்திலும் கைவிட்டுப் பார்த்தேன். எப்போதும் ஒன்றிலாவது இருக்கும். பச்சைக் கரைக் கட்சிக்காரர்கள் எல்லோரும் மெல்லிய துணியில் பை வைத்துச் சட்டை தைப்பார்கள், உள்ளே இருக்கும் தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. கழற்றிப் போடும்போது படத்தை எடுக்க மறந்துவிடுவார்கள். நான் எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டு, சட்டையைத் தேய்த்த பிறகு திரும்ப வைப்பேன். தவறி இஸ்திரிப் பெட்டி பட்டால் தலைவர் சுருண்டுவிடுவார்.

இன்று டப்பா காலி. ஞாபகமாக எடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது.

இந்த டைரியும் அவர் பொங்கலுக்குக் கொடுத்ததுதான். மாதத்துக்கு ஒரு தலைவர் படம். ஜனவரியில் கையை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறார். பிப்ரவரியில் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எழுத்து மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். பத்தாவது அரைப் பரீட்சை நேரத்தில் அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியது. ஒரு மாதம் மட்டும் தேய்க்கிற வண்டியில் நிற்கச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாக நடக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கரி ஈரம். நாள் முழுவதும் விசிறியதுதான் மிச்சம். கண் எரிகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

சேர்மன் வீட்டிலிருந்து புதுச் சட்டைகள் மூன்று வந்தன. பை கெட்டித் துணி. உள்ளே யானையை வைத்தாலும் வெளியே தெரியாது.

சேர்மன் என்று சொன்னாலும் அவர் சேர்மனாக இருந்தது நான் குழந்தையாக இருந்தபோது, ஒரே ஒரு தடவை. பெயர் மாயக்கிருஷ்ணன். பதவி போய்விட்டது, கூப்பிடுகிற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்பா அவரை அண்ணன் என்பார். உறவு ஒன்றும் கிடையாது. நோட்டீஸ் கொடுக்க, கொடி கட்ட, கோஷம் போட என்று இருபது வருடமாக அவர் பின்னால் போய் வந்த உறவுதான். எங்கள் இஸ்திரி வண்டி நிற்பதும் அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான். எனக்குப் பெயர் வைத்ததும் அவர். நான் பிறந்த வாரம் தேர்தல் நடந்ததாம். வெற்றிச்செல்வி என்று வைத்தார். அந்தத் தேர்தலில் தோற்றார்.

எனக்குக் கட்சி என்றால் வேட்டிக் கரைதான். பெரியப்பா முதலில் தவிட்டு நிறக் கரையில் இருந்தார். பிறகு அவரே சாம்பல் கரையில் ஒரு கட்சி ஆரம்பித்தார். அந்தச் சாயம் தண்ணீரில் நிற்காது என்று அம்மா இன்னும் சொல்வாள். கட்சியும் பதினோரு மாதம்தான் நின்றது. அதன் பிறகு பச்சைக் கரை. மூன்று கரையிலும் அப்பா கூடவே இருந்தார்.

"உங்க அண்ணன் எத்தனை தடவைதான் மாறுவாரு?" என்று யாராவது கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். "அண்ணன் எங்கப்பா மாறினாரு? கட்சிங்கதான் நகர்ந்து நகர்ந்து போச்சு. அண்ணன் நின்ன இடத்துலதான் நிக்கிறாரு" என்பார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஒரு விபரீதம் நடந்தது.

துணி வாங்க எப்போதும் நான்தான் பெரியப்பா வீட்டுக்குள் போவேன். இன்று எனக்குத் தலைவலி என்று அப்பா போனார். திரும்பி வந்து மூட்டையை வண்டியில் வைத்தார். கொஞ்ச நேரம் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று எதிரே ரத்தினம் மாமாவின் சலூனுக்குப் போனார்.

ரத்தினம் மாமா ஊதாக் கரைக் கட்சியின் வார்டு செயலாளர். அவரும் அப்பாவும் காலையில் கட்சிச் சண்டை போடுவார்கள், மாலையில் ஒரே டீயை இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். சலூனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"மச்சான், உங்காளு எங்க கட்சிக்குத் தூது விடுறாராமே" என்று மாமா ஆரம்பித்தார். தினமும் சொல்வதுதான். தினமும் அப்பா சிரித்துவிட்டு வந்துவிடுவார்.

இன்று அப்பா சலூன் படியில் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ரத்தினம், எங்க அண்ணன் இந்த மாசக் கடைசிக்குள்ள உங்க கட்சிக்கு வந்துட்டாருன்னா, எம் மீசைல பாதிய நீயே உன் கையால எடு. வரலேன்னா உம் மீசைல பாதி."

"மச்சான், நெசமாவா?"

"இருபத்தெட்டாம் தேதி வரைக்கும். இத்தனை பேரும் சாட்சி."

ரத்தினம் மாமாவின் மீசை எறும்பு வரிசை மாதிரி இருக்கும். போனாலும் தெரியாது. அப்பாவின் மீசை அப்படியில்லை. அப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் மீசைதான் வரும். தினமும் விளக்கெண்ணெய் தொட்டு முறுக்குவார். அந்த நேரத்தில் இரண்டு சட்டை தேய்க்கலாம் என்று அம்மா சொல்வாள். அதில் பாதியை எடுத்துவிட்டு அப்பா எப்படித் தெருவில் நடப்பார்?

பிப்ரவரி 10, திங்கள்

மூட்டையைப் பிரித்தேன். போர்வைகளுக்கு அடியில் இரண்டு புது வேட்டிகள். ஊதாக் கரை. கடை ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை.

சட்டென்று போர்வையை இழுத்து மூடினேன். நல்ல வேளை, அப்பா பார்க்கவில்லை. பெரியம்மா மூட்டைக்கு எப்போதும் சுருக்கு முடிச்சுதான் போடுவார். நேற்று வந்த மூட்டையில் கட்டை முடிச்சு இருந்தது, அப்பா போடுகிற மாதிரி. பெரியம்மா ஏதோ அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பார்.

வேட்டிகளைப் போர்வைக்குள் மறைத்துவைத்துத் தேய்த்தேன். நான் அதைத் தொடும்போதெல்லாம் அப்பா கரி எடுக்கப் போய்விட்டார். ஒரு நாளில் நான்கு தடவை கரி எடுத்தார். தற்செயலாக எல்லாம் நன்றாக அமைந்தது.

பிப்ரவரி 12, புதன்

வேட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

"அப்பன் கண்ணுல படலியே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உங்கிட்ட குடுத்தா பயமில்ல. வாயில்லாப் பிள்ளை" என்றார். பிறகு பீரோவைத் திறந்து காட்டினார். ஒரு தட்டில் தவிட்டு நிறம், ஒன்றில் சாம்பல், ஒன்றில் பச்சை. "நாலாவது கரைடி எனக்கு. இனிமே புடவை வைக்க எடமில்ல."

எல்லோரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். சுவரிடம் சொல்கிற மாதிரி. நான் யாரிடமும் பேசாததால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரத்தினம் மாமா வேலையில்லாத நேரத்தில் கத்தியைத் தோல் வாரில் தீட்டுகிறார். அப்பா தெருவில் வரும்போது சத்தம் கூடுகிறது.

"மச்சான், வலது பக்கமா, இடது பக்கமா? யோசிச்சு வச்சுக்க."

"நீ உன்னுத யோசி. பூதக்கண்ணாடி வாங்கணும் அதைத் தேட."

பழக்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டு ஆட்கள் எல்லாம் அப்பாவின் மீசையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், தேர் பார்க்க வருகிற மாதிரி. அம்மா ராத்திரிச் சோறு போடும்போது, "பந்தயம் கட்ட வேற ஒண்ணும் கெடைக்கலியா இந்த மனுசனுக்கு" என்றாள். அப்பா ரசத்தைக் குடித்தார். மீசையில் ஒட்டிய கறிவேப்பிலையை மெதுவாக எடுத்தார்.

பிப்ரவரி 19, புதன்

அப்பாவுக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. பெரியப்பா வீட்டுக்குள் யார் போனாலும் கூப்பிட்டு நிறுத்துகிறார். பால்காரரிடம் சொன்னார். டிரைவரிடம் சொன்னார். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரிடமும் சொன்னார்.

"உள்ளதான போறீங்க? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வீரணன் அவரை நம்பி மீசைய வச்சிருக்கான்னு சொல்லுங்க. இருபத்தெட்டாம் தேதி வரைக்கும்னு சொல்லுங்க."

"நீயே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார் ரீடிங்காரர்.

பத்து நாளாக அப்பா அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பெரியப்பாவும் வெளியே வந்தால் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார். முன்பெல்லாம் வண்டிப் பக்கம் வந்தால், "என்ன வீரணா" என்று ஒரு சத்தம் கொடுப்பார்.

பிப்ரவரி 21, வெள்ளி

பெரியப்பாவின் சட்டைகள் பத்து. பைகள் காலி.

பிப்ரவரி 24, திங்கள்

தேதி தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, சென்னையில். பெரியம்மாதான் சொன்னார். நல்ல நாளாம். நாற்பது வண்டிகள் போகின்றனவாம்.

பந்தயம் இருபத்தெட்டாம் தேதி வரைக்கும். ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் போதும். மார்ச் ஒன்று, சனிக்கிழமை. அன்று மாறினால் அப்பாவின் மீசை தப்பிக்கும், ரத்தினம் மாமாவின் எறும்புகளில் பாதி போகும், யாருக்கும் நஷ்டமில்லை. இருபது வருடத்தில் மூன்று கரை மாறியவருக்கு ஒரு நாள் தள்ளிப்போவது பெரிய விஷயமா?

இதை நான்தான் கேட்க வேண்டும். வேறு யாருக்கும் தெரியாதே.

கொடியில் காய்ந்த போர்வையைப் பெரியப்பாவாக நினைத்துக்கொண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவை போர்வைக்குப் பின்னால் அம்மா நிற்பது தெரிந்தது. உள்ளே ஓடிவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

கேட்டுவிட்டேன்.

பெரியப்பா கண்ணாடி முன்னால் நின்று ஒரு தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். "தாய் மடி தேடித் திரும்பி வந்த கன்றாக..." என்று இருந்தது. ஊதாக் கரைக் கட்சியில் அவர் இதற்கு முன்னால் இருந்ததே இல்லை. அடுத்த வரியில் புதுத் தலைவர் பெயர் வர வேண்டும். வாய் பழக்கத்தில் பழைய தலைவர் பெயர் வந்துவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார். மறுபடியும் பழைய பெயர்.

"யாரு, வெற்றியா? அங்கன வை தாயி."

துணியை வைத்துவிட்டு நின்றேன். வழக்கமாக ஓடிவிடுவேன். நான் போகாததால் அவர் திரும்பிப் பார்த்தார்.

"பெரியப்பா," என்றேன். "சனிக்கிழமை போகலாமா?"

"எங்கம்மா?"

"கட்சி மாற. வெள்ளிக்கிழமை வேணாம். சனிக்கிழமை போங்க. அப்பா மீசை."

போர்வையிடம் இதைவிட நன்றாகச் சொன்னேன். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்கப்பன் மீசைய வச்சது ரத்தினத்துக்கிட்ட இல்ல தாயி. எங்கிட்ட" என்றார். "அந்த ஞாயித்துக்கிழம மூட்டையக் கட்டும்போதே அவன் வேட்டியப் பாத்துட்டான். ஜன்னல்லேர்ந்து நானும் பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கல. நேரா போய்க் கடைத்தெருவுல மீசைய வச்சான். அப்புறம் பால்காரன்லேர்ந்து கரண்டுக்காரன் வரைக்கும் சொல்லி விடுறான்."

எனக்குக் கட்டை முடிச்சு ஞாபகம் வந்தது.

"நேர்ல வந்து கேட்டிருந்தா ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அது அவனுக்குத் தெரியும். இருபது வருசமாக் கூட இருக்கானே."

"அப்ப இருந்துருங்க பெரியப்பா."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கு இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். "மீசை ஒரு மாசத்துல முளைச்சிரும் தாயி. சீட்டு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதான்" என்றார்.

எழுந்து, பீரோவிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக் கொடுத்தார். நாலு முழம், ஒற்றை வேட்டி, நாலு விரல் அகலத்துக்கு ஊதாக் கரை. "மேலிடத்துலேர்ந்து வந்தது. இதக் கட்டிக்கிட்டுத்தான் மேடைக்கு வரணுமாம். உன் கை பட்டாத்தான் மடிப்பு நிக்கும். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள குடுத்துரு."

வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். வலது பக்கம் முடித்துவிட்டு இடது பக்கம். இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணெய்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று நல்ல சிரட்டைக் கரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

சாயந்தரம் வேட்டியைக் கொடுத்தேன். ஒற்றை வேட்டியைக் கட்டும்போது இரண்டு ஓரமும் முன்னால் வரும், நடுப்பகுதி பின்பக்கம் போகும். அதனால் ஓரங்களில் சுருக்கம் விழாமல் கவனமாகத் தேய்த்தேன். நடுப்பகுதியை அவ்வளவு கவனிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போனது, வேடிக்கை பார்த்துவிட்டேன். வெள்ளை உள்ளே போகிற மாதிரி மடித்துக் கொடுத்தேன்.

டிரைவர் வந்து, "வீரணண்ணே, இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு வண்டி. உங்களுக்கும் எடம் போட்டிருக்கு" என்றார். அப்பா, "நாளைக்கு எனக்குச் சலூன்ல வேலை இருக்கு" என்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் அப்பா குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். மீசைக்கு எண்ணெய் தொட்டு, என்றைக்கும் இல்லாத அளவுக்கு நேரம் எடுத்து முறுக்கினார். அம்மா தடுக்கவில்லை. காப்பியில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

பத்து மணிக்கு ரத்தினம் மாமாவின் சலூன் டிவியில் நேரலை. உள்ளே இடமில்லாமல் படியிலும் தெருவிலும் ஆட்கள். அப்பா யாரும் கூப்பிடாமல் தானே போய் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வண்டியில் நின்றேன். அங்கிருந்து டிவி சின்னதாகத் தெரியும்.

பெரியப்பா மேடையில் ஏறினார். ஊதாக் கரை பளிச்சென்று இருந்தது. மடிப்பு நன்றாக நின்றது. தாளைப் பார்க்காமல் பேசினார். தாய் மடி, கன்று எல்லாம் சரியாக வந்தன. தலைவர் பெயரும் சரியாக வந்தது. சலூனில் யாரோ கைதட்டினார்கள். ரத்தினம் மாமா கத்தியைக் கையில் எடுத்தார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மச்சான், வேணும்னா சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சு பேச்சுதான். எடு" என்றார் அப்பா.

அப்போது டிவியில் பெரியப்பா சால்வை வாங்கிக்கொண்டு, திரும்பி, புதுத் தலைவர் காலில் விழுந்தார். கேமரா பின்னால் இருந்தது.

வேட்டியின் நடுவில், எங்கே உட்காருவோமோ சரியாக அங்கே, பழுப்பு நிறத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி தெரிந்தது. மூக்கு மேலே பார்த்தபடி. ஓரமெல்லாம் சுத்தமாக, ரப்பர் ஸ்டாம்பு வைத்த மாதிரி.

தெருவே சிரித்தது. பெரியப்பா எழுந்து மறுபடியும் இன்னொருவர் காலில் விழுந்தார். அங்கே வரிசையாக ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் காலிலும் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் பெட்டி தெரிந்தது. அவருக்குப் பின்னால் நம் ஊர் ஆட்கள் இருபது பேராவது நின்றார்கள். எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவரிடம் யார் சொல்வது?

ரத்தினம் மாமா கத்தியை மேசையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மச்சான், எங்க கட்சிக்கு வந்த மொத நாளே பின்னாடி சூடு வச்சுக்கிட்டு வர்றாரே" என்றார். பழக்கடைக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. டிவியைப் பார்த்தார். பிறகு திரும்பி, தெருவைத் தாண்டி, என்னைப் பார்த்தார். நான் ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே தேய்த்தது.

சிரிப்பு அடங்கியதும் மாமா, "இதைப் பாத்தப்புறம் பந்தயமாவது ஒண்ணாவது. எழுந்திரு மச்சான்" என்றார்.

"எடு ரத்தினம். நாளைக்கு எவனும் என்னையும் சேர்மனையும் ஒண்ணாச் சேத்துப் பேசக் கூடாது."

இருபது வருடத்தில் அப்பா அவரை அண்ணன் என்று சொல்லாமல் சேர்மன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மாமா கத்தியை எடுத்தார். அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சிலர் போனை எடுத்தார்கள். பாதி மீசையோடு அப்பா எழுந்து நிற்பதைப் படம் பிடிக்க வேண்டுமாம்.

பெட்டியை அதன் தட்டில் வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினேன். சலூனுக்குள் நான் போனதே கிடையாது. ஆம்பளைகள் வழி விட்டார்கள், என்னைப் பார்த்த ஆச்சரியத்தில்.

"மாமா," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ரெண்டு பக்கமும் எடுத்துருங்க."

"பந்தயம் பாதிதானே தாயி?"

"பாதி பந்தயத்துக்கு. மீதி எங்களுக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினார். மாமா நுரை போட்டார். போன்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்கள். சாதாரணமாக ஒருவர் சவரம் செய்துகொள்வதைப் படம் பிடிக்க என்ன இருக்கிறது?

மீசை இல்லாமல் அப்பா சின்னப் பையன் மாதிரி இருந்தார். நான் பார்க்காமல் பார்த்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மார்ச் மாதத் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறார். பாவம்.

காலையில் பெரியம்மாவே வண்டிக்கு வந்தார். கையில் ஒரு பை. அந்த வேட்டியை எடுத்து மேசையில் விரித்தார். நேரில் பார்க்க இன்னும் தெளிவாக இருந்தது. பெட்டியின் அடியில் இருக்கும் கீறல்கூடத் தெரிந்தது.

"இவ்வளவு சரியா நடுவுல எப்படிடி பட்டுச்சு?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயில்லாப் பிள்ளைன்னு நெனச்சேன்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் மூணு இருக்கு. செவ்வாய்க்கிழமை பாராட்டு விழா. பாத்துத் தேய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பழக்கத்தில் கை மூக்குக்குக் கீழே போனது. முறுக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

"அன்னைக்குக் கரி கூடிருச்சோ?" என்றார்.

"ஆமாப்பா. சிரட்டைக் கரி."

"ரெண்டு வருசத்துல ஒரு துணி சுட்டதில்லியே நீ."

"லாரி போச்சுப்பா."

"இந்தத் தெருவுல லாரி வராதே" என்றார். பிறகு எழுந்து போய்க் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். வாயை அவிழ்த்தும் கொடுத்தார்.

பையைப் பிரித்தேன். மூன்றும் ஊதாக் கரை. முதல் வேட்டியை எடுத்து, உதறி, நடுப்பகுதி மேலே வரும்படி விரித்தேன். பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு கை கரி அள்ளிப் போட்டு, விசிற ஆரம்பித்தேன்.